துறைமுகக் காகிதங்களுக்குள் ஒரு மயானம்

செத்துப்போன சட்டங்களை உயிரோடிருப்பவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். மாத்தளையில் நீதிமன்றத்துக்குப் போகிற வழியில், போன் திருத்தும் கடையின் மாடியில் எனக்கு ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு ரப்பர் முத்திரை இருக்கின்றன. நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். மூலத்தில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்திருக்கிறேன் என்று அந்த முத்திரை எனக்காகச் சொல்லும். பிறப்பு, கல்யாணம், காணி உறுதி எல்லாம் சாதாரண வேலைகள். வெள்ளைக்காரர் காலத்து அரசாங்க அறிவித்தல்களையும் துறைமுக ஒழுங்குவிதிகளையும் வாசிக்க ஊரில் வேறு ஆள் அகப்படாததால் அந்தத் தலையிடியும் என்னிடமே வந்து சேர்கிறது.

நீங்களும் ஒரு காகிதத்தோடு ஏதாவது கந்தோருக்குப் போய், இன்னொரு காகிதம் கொண்டு வரச் சொல்லித் திரும்பி வந்தவராக இருப்பீர்கள். அப்படியானால் கீழே வருகிறவர்களை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஹாஜியாரின் கண்ணாடிச் சட்டம்

வாசனைத் திரவியத் தோட்டம் வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், கொழும்பில் யாரிடமோ வாங்கிய பழைய துறைமுக அறிவித்தல் ஒன்றைக் கண்ணாடி போட்டுச் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். தலைப்பில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்கும் அரச முத்திரை. தன் மூதாதையர் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் கறுவாப்பட்டை அனுப்பினார்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் கீழே எழுதித் தர வேண்டும், உல்லாசப் பயணிகள் வந்து நிற்கும் இடத்தில் மாட்டப் போகிறேன் என்றார்.

வாசித்துப் பார்த்தேன். கறுவாவும் இல்லை, அவருடைய மூதாதையரும் இல்லை. பதப்படுத்தாத தோலும் கருவாடும் ஏற்றி வரும் தோணிகள், நாற்றம் காரணமாக மற்றக் கப்பல்களுக்கு அப்பால் நங்கூரமிட வேண்டும் என்பதுதான் மொத்த விஷயம். நயமாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. சட்டத்தைத் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"வெள்ளக்காரன் இத வாசிக்கவா வாறான் தம்பி, போட்டோ புடிக்கத்தானே வாறான்."

எல்கடுவையிலிருந்து வந்தவர்

பூங்காவனம் அம்மா மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் மேலே வந்தார். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வயது போகும்வரை தேயிலைக் கொழுந்தெடுத்தவர். இப்போது இருதயத்தில் கோளாறு. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடைக்கரைச் சரிவில் பரம்பரையாக அவர்கள் ஆட்கள் புதைத்து வந்த இடம் ஒன்று இருக்கிறது. அவர் புருஷனும் அங்கேதான். பக்கத்தில் தனக்கென்று ஒரு குழிக்கு இடம் விட்டு, எல்லைக்கு ஒரு குரோட்டன் செடியும் நட்டு வைத்திருந்தாராம்.

அந்தச் சரிவை மிளகு நடுவதற்கு ஒருவர் குத்தகைக்கு எடுத்து, முள்கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டார். புருஷனின் திவசத்துக்குப் பூங்காவனம் அம்மா வேலிக்கு வெளியே நின்று சூடம் கொளுத்திவிட்டு வந்திருக்கிறார். குத்தகைக்காரர் கெட்டவர் அல்ல, மயானம் என்று ஒரு காகிதம் காட்டினால் திறந்துவிடுகிறேன் என்றுதான் சொல்கிறாராம். அரசாங்கக் கந்தோரிலும் விசாரணைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். இந்த அம்மாவிடம் காகிதம் இல்லை. கப்பலில் நோயோடு வந்த ஆட்களை வெள்ளைக்காரன் அங்கே மறித்து வைத்தான், செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள் என்று லயத்தில் சொல்லிவரும் பேச்சு மட்டும்தான் இருந்தது. அதை ஏதாவது ஒரு பழைய அறிவித்தலில் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், முஸ்லிம் ஆண்களை ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல் என்னை நானா என்று அழைத்து அவர் சொன்னார்:

"எங்க மாமியா, மாமனாரு, எங்க வீட்டுக்காரரு எல்லாம் அங்கதான் படுத்திருக்காங்க நானா, செத்தவங்க கடுதாசி வாங்கிட்டா போனாங்க?"

கல்லும் நாயும்

கண்டியில் பழைய காகிதங்கள் பார்க்கக் கிடைக்கும் இடமொன்றில் எனக்குத் தெரிந்த சிங்களவர் ஒருவர் வேலை செய்கிறார். நல்ல மனிதர், அவர் பேசும் தமிழும் அவரைப் போலவே அவசரப்படாது. நோய் சம்பந்தப்பட்ட அறிவித்தல்கள் எங்கே என்று கேட்டதும், துறைமுகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு நோய் என்பது கப்பலில் வந்து இறங்கும் இன்னொரு சரக்கு, அதனால் இரண்டையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள் என்று விளக்கினார்.

இரண்டு நாள் போய் வாசித்தேன். கப்பல் ஆடாமலிருக்க அடியில் போட்டு வரும் கல்லை எங்கே கொட்டலாம், எங்கே கொட்டக் கூடாது என்று ஒரு முழுப் பக்கம். வெடிமருந்துக்கு ஒரு பக்கம். இறங்குதுறையில் திரியும் நாய்களுக்குக்கூட நாலைந்து வரி. தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்து கரையேறி, காடு வழியாகத் தம்புள்ளையைத் தாண்டி மலைக்கு நடந்த ஆட்களோ, தோணிக்கு இத்தனை தலை என்ற கணக்கோடு முடிந்துபோனார்கள். ஒரு பெயர் கிடையாது. தோலும் கருவாடும் தள்ளி நிற்க வேண்டிய தூரத்தை அளந்து எழுதியவனுக்கு, ஒரு மனுஷனின் பெயரை எழுத மை இல்லாமலா போயிற்று? பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் கட்டை மூடி நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"கல்லுக்குச் சட்டம் இருக்கு, நாய்க்குச் சட்டம் இருக்கு, மனுசனை அடுத்த கட்டுல பாப்போம் மாத்தயா."

நாலு எல்லை

அடுத்த கட்டில்தான் இருந்தது. நோயாளிகளைக் கரையிறக்கும் விதிகளுக்குப் பின்னால் ஒரு இணைப்பு. வடக்குக் கரையிலிருந்து மலைநாட்டுக்கு வரும் பாதையில் அரசாங்கம் புதைப்பதற்கு ஒதுக்கிய இடங்கள். கடைசிக்கு முந்தியது பூங்காவனம் அம்மா சொன்ன அதே எல்கடுவைச் சரிவு. கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே பெரிய பாறை, தெற்கே பள்ளம். இருபத்தைந்து வருஷத்தில் ஒருவருக்கு வேண்டிய காகிதம் இப்படிக் கைக்கு வந்து சேர்ந்ததே இல்லை.

எல்லைகளுக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. ஓடைத் தண்ணீர் கெடுவதால் இனிமேல் இந்த இடத்தில் யாரையும் புதைக்கக் கூடாது. அதைப் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை, மயானம் இருந்தது என்பதற்கு இதுவே அத்தாட்சி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தொழில் பழக்கம் விடவில்லை. அந்த வரி உட்பட எல்லாவற்றையும் சிங்களத்திலும் தமிழிலும் பெயர்த்து, முத்திரை குத்தி, கையெழுத்தும் வைத்தேன்.

பூங்காவனம் அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நாலு எல்லையையும் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு எல்லைக்கும் கண்ணை மூடித் தலையாட்டினார். மூன்றாம் தரம் வாசிக்கும்போது அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபின், கடைசி வரியை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னார்:

"நாலு பக்கமும் சரியா இருக்கு நானா, அப்ப எங்க ஆளுங்க அங்க படுத்திருக்கிறது வெள்ளக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு."

விசாரணை நாள்

விசாரித்த அதிகாரி மரியாதையான இளைஞர். அம்மாவை உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டுத்தான் காகிதத்தை எடுத்தார். எல்லைகள் வரை வாசித்துக் குத்தகைக்காரரைப் பார்த்தார். குத்தகைக்காரரும் சரி திறந்துவிடுகிறேன் என்பதுபோல் தலையசைத்தார். அதற்குப் பிறகு அதிகாரி கடைசி வரியைச் சிங்களத்தில் சத்தமாக வாசித்தார். பூங்காவனம் அம்மாவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும்.

இந்தக் காகிதம் வராமல் இருந்திருந்தால் வழக்கத்தில் உள்ள மயானம் என்று எழுதிப் பாதை விடச் சொல்லியிருப்பேன், அப்படி எழுதத்தான் இருந்தேன் என்றார் அவர். இப்போது அரசாங்கத் தடை ஒன்று விசாரணைக் கோவைக்குள் வந்துவிட்டது. அதைக் கண்ட பிறகு காணாததுபோல் கையெழுத்து வைக்க முடியாது. புதைத்தவர்களைத் தோண்டச் சொல்ல மாட்டேன், இனி யாரையும் புதைக்கவும் விட முடியாது, வேலியும் இருக்கட்டும் என்று முடித்தார். தடை போட்டவன் கப்பலேறிப் போய் எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். தடையை எடுத்ததற்கு ஒரு காகிதம் கொண்டு வாருங்கள் என்றார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

கண்டிக்கு மறுபடியும் போனேன். எல்லாக் கட்டும் பார்த்தாயிற்று. போடுவதற்கு ஆயிரம் அறிவித்தல் போட்டவர்கள், எடுப்பதற்கு ஒன்றும் போடவில்லை.

விசாரணை முடிந்த அன்றைக்கு எல்கடுவை பஸ் வரும்வரை நானும் அந்த அம்மாவும் ஸ்டாண்டில் நின்றோம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெற்றிலைப் பையில் அந்தக் காகிதம் நாலாக மடிந்து கிடந்தது. பஸ் வந்ததும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கடைசி வரியயும் எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தீங்கன்னா, நான் இதக் கொண்டாந்தே இருக்க மாட்டேனே நானா."

கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்ததாக என் முத்திரை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.