கடலில் விழுந்த என் நீலச் சேட்

புதுப் பெயின்ற் மணம், டீசல் மணம், கருவாட்டு மணம். இந்த மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிரட்டும்... கூடவே சிரிப்பும் வரும்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பேசாலையில் பிறந்தவன்தான். ஆனால் வளர்ந்தது இந்தியாவில், முகாமில். அதனால் கடற்கரை ஊரில் நீந்தத் தெரியாத ஒரே ஆம்பிளை என்ற பெருமை எனக்குக் கிடைத்தது. திரும்பி வந்து ஒரு பழைய வான் வண்டியை வைத்து வாடகைக்கு ஹயர் ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்போது கடலடியை ஆராய வந்த கொம்பனி ஒன்று, ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்க ஊர் போட்டுகளை வாடகைக்குக் கேட்டது. கேட்டவுடன் எடுத்துவிடவில்லை. போட் பாதுகாப்பானதா என்று பார்த்துச் சொல்ல, கொழும்பிலிருந்து ஒரு பரிசோதகரை வரவழைத்தார்கள். கப்பல் கப்டனாக இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர்; பேச்சுத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அவருக்கு வான் ஓட்டுவது, பை தூக்குவது, அவர் ஆங்கிலத்தைத் தமிழாக்குவது... எல்லாம் நான்தான். பத்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பாஸ் பண்ணிய ஆளுக்கு அது பெரிய உத்தியோகம்.

என் மனைவியின் அண்ணன் ஜெறோம் மச்சானிடம் ஒரு போட் இருந்தது. அந்த வருடம் கடலில் மீனே இல்லை. கொம்பனி வேலை கிடைத்தால்தான் போட் ஓடும். அவருக்கும் அவரிடம் வேலை செய்த இரண்டு பெடியங்களுக்கும் அடுப்பு எரியும்.

“ஆர் இந்தாள்?” என்று மச்சான் கேட்டார்.

“சுயாதீனமான பரிசோதகர்,” என்றேன் மிடுக்காக.

“அப்பிடியெண்டா?”

“கொம்பனியின்ர ஆளுமில்லை, எங்கட ஆளுமில்லை. ஒருத்தற்றையும் ஆளில்லை.”

“பாவம், அநாதையோ?”

வீட்டில் வேறு கதை. “நீங்கள் அந்தாளோடதானே திரியிறியள். அண்ணாவுக்காக ஒரு சொல்லுச் சொன்னா வாய் தேஞ்சுபோமோ?” என்றாள் மனைவி.

சொன்னேன். வான் ஓட்டும்போது, றோட்டைப் பார்த்தபடியே, மெல்லமாக. கப்டன் சேர் சிரித்தார். “நான் உங்கட சொந்தக்காரன் இல்ல தம்பி. அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டது.”

பரிசோதனை நாள். மச்சான் போட்டுக்குப் புதுப் பெயின்ற் அடித்து, அந்தோனியாருக்குப் பூ வைத்து, பெடியங்களுக்குத் தலை வாரி இழுத்துக் கொண்டுவந்திருந்தார். கடலுக்குப் போனோம். தண்ணீர் இறைக்கும் பம்ப், தீயணைக்கும் சிலிண்டர், லைப் ஜக்கெற்... எல்லாம் சரி. கப்டன் சேர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கடைசிப் பரிசோதனை, ஆள் கடலில் விழுந்தால் என்ன செய்வார்கள் என்பது. யாருக்கும் சொல்லாமல் செய்ய வேண்டுமாம். கரையிலேயே, வான் வண்டிக்குள் கிடந்த என் நீலக் கட்டம் போட்ட சேட்டைக் கேட்டிருந்தார். ஏன் என்று தெரியாமலே கொடுத்திருந்தேன். அது மச்சான் நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு எடுத்துத் தந்த சேட். அதை ஒரு வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானுக்கு மாட்டி, எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பின்பக்கத்தால் கடலில் போட்டார்.

“மேன் ஓவர்போட்!”

அந்த நேரம் நான் கபினுக்குள் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கம் நின்ற மச்சான் திரும்பிப் பார்த்தார். “ஐயோ, மாதாவே!” தொபுக்கென்று ஒரு சத்தம். அவருக்குப் பின்னால் பெடியங்கள் இரண்டு பேரும்... தொபுக், தொபுக்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், போட்டில் கப்டன் சேர் மட்டும் நிற்கிறார். போட் நீரோட்டத்தில் தன்பாட்டில் போகிறது. மிதவை வளையம் கொழுவின இடத்திலேயே பளபளவென்று தொங்குகிறது.

“நீ குதிக்கல்ல?”

“எனக்கு நீந்தத் தெரியாது சேர்.”

“நல்லம். போட்டில நிண்ட ஒரே ஆள் நீதான்.”

வளையத்தை அவரே கயிற்றோடு வீசி, மூன்று பேரையும் இழுத்தார். கானைக் கட்டிப்பிடித்தபடி ஏறிய மச்சான் என்னைக் கண்டார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

“மூதேசி! நீ உள்ளுக்கயோ நிண்டனீ?”

“சத்தி எடுத்தனான் மச்சான்...”

“உன்ர சேட்டைக் கண்டனான்ரா. தங்கச்சிக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டுகொண்டுதான் குதிச்சனான்.”

கப்டன் சேர் குரலை உயர்த்தவில்லை. “ஒரு ஆள் கடல்ல. இப்ப நாலு ஆள் கடல்ல. போட்டில ஆக்கள் இல்ல. யார் எடுக்கிறது?” மச்சான் அப்போதுதான் கானைக் கீழே வைத்தார். போட் பெயில்.

அடுத்த கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி அந்தச் சேட்டை உப்புப் போகத் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு வைத்தாள்.

இரண்டாம் முறையும் அதே சேட், அதே கான். இந்த முறை நான் மச்சானுக்குப் பக்கத்திலேயே நின்றேன். வளையத்தை எறிந்துவிட்டு, குதிக்காமல் நிற்க அந்த மனுஷன் பட்ட பாடு! ஒரு கை கயிற்றில், மற்றக் கை என் தோளில். தோள் இரண்டு நாள் நொந்தது. போட் பாஸ்.

கொம்பனி வந்தது, போனது. கப்டன் சேரை அதற்குப் பிறகு காணவில்லை. இப்போது ஊரில் பாதி போட்டில் ஜிபிஎஸ் இருக்கிறது. லைப் ஜக்கெற் போடாமல் ஏறினால் என் மகளே என்னை ஏசுகிறாள்.

போன மாதம் மச்சானின் போட்டில் குடும்பமாகப் போனோம். காற்றில் என் தொப்பி பறந்து கடலில் விழுந்தது. மச்சான் திரும்பினார், ஒரு செக்கன் பார்த்தார், வளையத்தை எடுத்து வீசினார். தொப்பிக்கு!

“இந்தமுறை குதிக்கேல்லையோ மச்சான்?” என்றேன்.

“முதல் உன்னைத்தான் பாத்தனான். நிக்கிறாய். பேந்தென்னத்துக்குக் குதிக்கிறது?”

தொப்பி போய்விட்டது. மிதவை வளையம் தொப்பிக்கு உதவாது என்று கப்டன் சேர் சொல்லித் தரவில்லை.