வாங்கின பாட்டு

அவளுக்கு ஆஸ்பத்திரியில் நீளமான பதவிப் பெயர் ஒன்று இருந்தது. அது கதவுப் பலகையோடு சரி. நோயாளிகளும் ஆயாக்களும், ஏன், பெரிய டாக்டரும்கூட அவளை ‘ஒண்ணு-ரெண்டு’ என்றுதான் சொன்னார்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்களை மறுபடி நடக்க வைப்பது அவள் வேலை. இடுப்புயர இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே அவர்களை நிறுத்தி, எதிரே தான் பின்னோக்கி நடந்தபடி, “ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு... ரெண்டு...” என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வரும்?

ஆனால் வெறும் சொல்லுக்கு எல்லாக் காலும் கட்டுப்படாது. மூளை கெஞ்சினாலும் அசையாத கால், தாளம் கேட்டால் சில சமயம் தானாக எழும். அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் அவள் ஒரு பாட்டு வைத்திருந்தாள். கட்டிலை விட்டு அன்றுதான் இறங்கியவருக்கு ஆடி அசைந்து வரும் பாட்டு. கைத்தடிக்கு வந்தவருக்குக் கொஞ்சம் துள்ளல். எல்லாம் ஒரு போன் கம்பெனி இணையத்தில் நடத்தும் பாட்டுக் கடையில், தொடையில் தட்டித் தட்டி வேகம் பார்த்து, சொந்தச் சம்பளத்தில் வாங்கியவை.

வீட்டில் இது பெரிய வேடிக்கை. கணவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், வாய் திறக்க மாட்டார். கொழுந்தன் அப்படியில்லை. கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். முப்பது வயதாகியும் அண்ணன் வீட்டுச் சாப்பாடு; புதுப் போன், புதுக் கருவி பற்றிய செய்தி எதுவானாலும் விடிவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிடும்.

“காத்துல கிடைக்கிறதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா அண்ணி? மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

“பாட்டை வாசிச்சவன் வீட்லயும் அடுப்பு எரியணும்ல?” என்பாள் அவள். அவள் அப்பா ஒலிப்பதிவுக் கூடங்களில் மத்தளம் வாசித்தவர். திருட்டு கேசட் ஊரெல்லாம் ஓடிய காலத்தில் அவருக்கு வேலை ஓடவில்லை. அந்தக் கதையை அவள் யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. ஓசியில் பாட்டு எடுக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

பாட்டுக் கடைக்கும் பெரிய இசை நிறுவனம் ஒன்றுக்கும் பங்கு பிரிப்பதில் தகராறு என்று செய்தி வந்தபோது அவள் மேலோட்டமாகப் படித்துவிட்டு விட்டுவிட்டாள். பெரிய இடத்துச் சண்டை, நமக்கென்ன என்று இருந்தது.

வினை கண்டக்டரின் காலில் வந்து விழுந்தது.

கண்டக்டர் என்றால் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வலப்பக்கம் விழுந்து, பேச்சு மட்டும் தப்பித்து வந்தவர். அவர் வலது கால் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் எழும். படகு தள்ளுகிறவன் பாடுவதுபோல, இழுத்து இழுத்து, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் ஒரு தட்டு விழும் பழைய பாட்டு. அன்று காலை அந்தப் பாட்டின் நடுவில், அவர் பாதம் தரையை விட்டு எழுந்திருந்த நேரத்தில், சத்தம் அறுந்தது. அவர் தடுமாறினார். அவள் பாய்ந்து அவர் இடுப்பில் கட்டியிருந்த வாரைப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் முகம் பெயர்ந்திருக்கும்.

நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனைப் பார்த்தாள். ‘இந்தப் பாடலுக்கான அனுமதி திரும்பப் பெறப்பட்டது.’ அடுத்த பாட்டுக்கும் அதே வரி. கீழே தள்ளத் தள்ள, பாதிக்கு மேல் அதே கதை.

“என்னம்மா ஆச்சு?”

“கடைக்காரனுக்கும் பாட்டுக் கம்பெனிக்கும் சண்டையாம் ஐயா. நாம வாங்கின பாட்டை எல்லாம் எடுத்துட்டாங்க.”

கண்டக்டர் மூச்சு வாங்கியபடி அவளையே பார்த்தார். “டிக்கெட் எடுத்த ஆளை நடுவழியில எறக்கி விடுறதா? என் சர்வீஸ்ல ஒரு நாள் நான் அப்படிச் செஞ்சதில்ல. செஞ்சிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பாங்க.”

மதியம் அவள் அந்தக் கடையின் உதவி எண்ணுக்குப் பேசினாள். நீண்ட நேரம் காத்திருக்க வைத்தபின் ஒரு பெண் வந்தாள். குரலில் தேன் ஒழுகியது.

“நீங்க வாங்கினது பாட்டு இல்ல மேடம். பாட்டைக் கேக்குறதுக்கான அனுமதி. விதிமுறையில போட்டிருக்கோம்.”

“பட்டன்ல என்னம்மா போட்டிருந்தீங்க? ‘வாங்கு’ன்னுதானே போட்டிருந்துது?”

“அது... பொதுவா சொல்றது மேடம்.”

“நான் ஒரு செருப்பு வாங்குறேன். கடைக்காரனுக்கும் செருப்பு தச்சவனுக்கும் சண்டை வந்தா, என் கால்லேர்ந்து கழட்டிட்டுப் போவீங்களா?”

அந்தப் பெண்ணிடம் அதற்குப் பதில் எழுதித் தரப்படவில்லை போலும். “வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?” என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயம் தெரிந்ததும் கொழுந்தன் கையை நீட்டினான். “போனைக் குடுங்க அண்ணி. சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள எல்லாப் பாட்டையும் இறக்கித் தரேன்.”

“வேணாம்.”

“அவன் உங்களை ஏமாத்திட்டான். இன்னமும் நியாயம் பாக்குறீங்களே!”

“நான் வாசல் வழியாப் போய் வாங்கினவ. இப்ப எதுக்குச் சுவரேறிக் குதிக்கணும்? எடுத்தவன் வாசல் வழியாவே கொண்டுவந்து குடுக்கட்டும்.”

கணவர் தட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல், “பிடிச்சா விட மாட்டா. நீ சாப்பிடு” என்று தம்பியிடம் சொன்னார்.

அன்று அவள் அந்தத் தகராறுச் செய்தியின் கீழே, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கருத்து எழுதினாள். தன் பெயரையோ ஆஸ்பத்திரியையோ சொல்லாமல், பாட்டு பறிபோனதை மட்டும் நாலு வரியில் எழுதி, ‘என்னைப் போல வாங்கி இழந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தாள். காலையில் பார்த்தால் அங்கே ஒரு சந்தையே கூடியிருந்தது. கடையின் பக்தர்கள் ஒரு பக்கம்: ‘இவ்வளவு நல்ல போன் செய்து தரும் நிறுவனத்தைக் குறை சொல்ல நாக்கு கூசவில்லையா?’ எதிர்ப் போன் கம்பெனியின் பக்தர்கள் இன்னொரு பக்கம். பாட்டை விட்டுவிட்டு யார் போனில் பேட்டரி நிற்கும் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வீட்டு மனை விற்றார். எல்லாவற்றுக்கும் மேலே, நூற்றுக்கணக்கானோர் விரும்பிய கருத்து, ‘சுத்தியல்’ என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவருடையது:

‘காசு கொடுத்துப் பாட்டு வாங்கும் அம்மணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்சிக்கு வைக்கலாம். மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்குகிறவர்கள் இன்னும் நாட்டில் இருக்கிறார்கள்!’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது.

அன்று ராத்திரி கொழுந்தன் முதல் கவளத்தை வாயில் வைத்ததும், அவள் அந்தக் கருத்தைச் செய்தி வாசிப்பவள் போல நிறுத்தி நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு, “சுத்தியல் சார், இன்னும் கொஞ்சம் சோறு போடவா?” என்றாள்.

அவனுக்குப் புரையேறியது. வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகச் சிரித்திராத அவள் கணவர் தண்ணீர்ச் சொம்பைத் தம்பியிடம் தள்ளிவிட்டு எழுந்து போய்ச் சிரித்தார்.

“அது நீங்கன்னு தெரியாது அண்ணி. சத்தியமா...”

“தெரிஞ்சிருந்தா வேற யாரையாவது இப்படி எழுதியிருப்ப. அவ்வளவுதானே?”

திட்டியிருந்தால் அவன் எதிர்த்துப் பேசியிருப்பான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மறுநாள் ‘சுத்தியல்’ ஒரு புதுக் கருத்துப் போட்டது: ‘நேற்று நான் கிண்டல் செய்தவர் என் அண்ணி. பாட்டு வாங்கி இழந்தவர்கள் இங்கே பெயர் கொடுங்கள். கிண்டல் செய்கிறவர்கள் என்னோடு பேசட்டும்.’

பெயர்கள் வந்தன. நடனப் பள்ளி நடத்தும் ஒருத்தி, இரவு லாரி ஓட்டுகிறவர், கண் தெரியாத தொலைபேசி இயக்குநர், இறந்துபோன மனைவிக்குப் பிடித்த பாட்டுகளை மட்டும் வாங்கி வைத்திருந்த ஒரு தையல்காரர். பெயர் கொடுத்தவர்களில் இன்னொருத்தி வழக்கறிஞர். கடை மேலும் இசை நிறுவனத்தின் மேலும் நுகர்வோர் மன்றத்தில் எல்லார் சார்பிலும் ஒரே வழக்காகப் போடலாம் என்றாள். போட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் கண்டக்டரின் ‘டிக்கெட்’ பேச்சு கொட்டை எழுத்தில் வந்தது.

அதன்பிறகுதான் கடையின் கிளை அலுவலகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த அறை. மேலாளர் அவளைவிட இளையவன், மரியாதையானவன்.

“உங்க வேலை எங்களுக்குத் தெரியும் மேடம். நோயாளிகள் கஷ்டப்படக் கூடாது. உங்க பாட்டு எல்லாத்தையும் இன்னைக்கே திருப்பித் தந்துடறோம். ஒரு சிறப்பு ஏற்பாடு. நீங்க மட்டும் வழக்குலேர்ந்து விலகிடணும்.”

அவளுக்குக் கண்டக்டரின் கால் நினைவுக்கு வந்தது. பாட்டு நின்றதிலிருந்து அது மறுபடி கல்லாகிக்கொண்டிருந்தது. வேறு எத்தனையோ பாட்டுப் போட்டுப் பார்த்துவிட்டாள். எதற்கும் அது மசியவில்லை. ‘சரி’ என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது.

“மத்தவங்களுக்கு?”

“அது நீண்ட விஷயம் மேடம்.”

“அப்ப எனக்கும் நீண்டுட்டுப் போகட்டும்” என்று எழுந்துவிட்டாள்.

செய்ததை மறைக்க அவளுக்குத் தெரியாது. மறுநாள் கண்டக்டரிடம் சொன்னாள். பாராட்டுவார் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தாளோ என்னவோ. அவர் முகம் சிவந்தது.

“யாரைக் கேட்டு வேணாம்னே? அது என் காலு! என் காலை வச்சு நீ ஊருக்கு நியாயம் பேசுறியா?”

அவர் சொன்னதில் பிழை இல்லை. அன்று அவர் பயிற்சி செய்யாமலே போய்விட்டார். அவர் மகள் தள்ளுநாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. கணவர் மெதுவாகக் கேட்டார், “வழக்கை விட்டுடலாமா?”

“அவர் கோபம் நியாயம்தாங்க. ஆனா வழக்கும் நியாயம். ரெண்டுல ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணுன்னு எவன் சொன்னான்?”

மறுநாள் அவள் கண்டக்டர் வீட்டுக்கே போனாள். “உங்களைக் கேக்காம முடிவு பண்ணது என் தப்பு ஐயா. உங்களுக்கு அந்தப் பாட்டு வேணும், அவ்வளவுதானே? வாங்க, நானே பாடுறேன்” என்றாள்.

“நீ பாடுவியா?”

“பாட வராது. ஆனா பாடுவேன்.”

உண்மையிலேயே வராது. மத்தளக்காரர் மகளுக்குத் தாளம் மட்டும்தான் கிடைத்திருந்தது, சுருதி வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது. இரட்டைக் கம்பிக்கு எதிரே நின்று, ஆஸ்பத்திரிக் கூடத்தில் எல்லார் முன்னாலும், தகரத்தில் ஆணி உரசுவதுபோல அவள் அந்தப் படகுக்காரன் பாட்டை இழுத்தாள். இழுப்பின் முடிவில் உள்ளங்கையால் கம்பியைத் தட்டினாள். ஆயாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“போதும்மா. இதைக் கேட்டா காலே ஓடிப்போயிடும்.”

“ஓடட்டும். அதுக்குத்தானே பாடுறேன்.”

அவர் சிரித்தார். நல்லாயிருந்த பாதி முகத்தால் சிரித்தார். அடுத்த தட்டுக்கு வலது பாதம் தரையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் எழுந்தது. அவள் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கீழே வந்துவிடும் என்று பயம். அன்றிலிருந்து தினமும் பாடினாள். தொண்டை கட்டினால் தட்டினாள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் கடைக்காரர்கள் ஒரு புதுக் காரணத்தோடு வந்தார்கள். லாரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருவார். தையல்காரர் யார் சட்டையிலாவது பொத்தான் விட்டிருந்தால் வராந்தாவிலேயே தைத்துக் கொடுப்பார். கொழுந்தன் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். ஒரு நாள் இசை நிறுவனத்தின் வக்கீல் அவளைப் பார்த்து, “கலைஞர்களின் உரிமையைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லையா?” என்று கேட்டார்.

“எங்கப்பா உங்க மாதிரி கம்பெனிக்கு மத்தளம் வாசிச்சவர் சார். அந்தக் கவலை இருந்ததாலதான் காசு குடுத்து வாங்கினேன். அந்தக் கவலை இல்லாத யாருக்கும் இன்னைக்கு ஒரு பாட்டும் தொலையல. அவங்க எல்லாரும் நிம்மதியாக் கேட்டுட்டு இருக்காங்க.”

பின்வரிசையில் ‘சுத்தியல்’ தலையைக் குனிந்துகொண்டது.

தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. ‘வாங்கு’ என்று எழுதி விற்றது விற்றதுதான். விற்றவர்களுக்குள் என்ன சண்டை இருந்தாலும் வாங்கியவர் பொருளில் கை வைக்கக் கூடாது. இனி யாரும் எடுத்துவிட முடியாதபடி, பூட்டில்லாத பிரதியாக எல்லாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. தையல்காரர் போன் செய்தார். மனைவியின் பாட்டை மட்டும் கொஞ்ச நேரம் அவளைக் கேட்கவைத்துவிட்டுப் போனை வைத்தார்.

கண்டக்டர் அதற்குள் கைத்தடிக்கு வந்திருந்தார். அவள் படகுப் பாட்டின் அசலைப் போட்டுக் காட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டவர், “நல்லாத்தான் பாடுறான். ஆனா உன் அளவுக்குப் பயம் வரல” என்றார்.

வெற்றியைக் கொண்டாட வழக்குக்காரர்கள் எல்லாரும் ஓர் உணவகத்தில் கூடியிருந்தபோதுதான் கொழுந்தன் போனை நீட்டினான். அந்தக் கடை தன் பக்கத்தைப் புதுப்பித்திருந்தது. ‘வாங்கு’ பட்டனைக் காணவில்லை. அந்த இடத்தில் ‘பெறு’ என்று போட்டிருந்தார்கள்.

“கில்லாடிங்க அண்ணி. இனிமே யாரும் ‘வாங்கினேன்’னு சொல்ல முடியாது. சரி விடுங்க, நம்ம பாட்டு வந்தாச்சு. ஜெயிச்சாச்சு.”

அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஜெயிச்சது நேத்து வாங்கினவங்களுக்கு. நாளைக்கு வாங்கப் போறவங்களுக்கு?”

“மறுபடியுமா!” என்றார் லாரிக்காரர். ஆனால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அவள் வழக்கறிஞர் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, ‘பெறு’ன்னா சட்டத்துல என்ன அர்த்தம்?”