எண்பதில் நின்ற பெட்டி

எனக்கு எழுபத்தெட்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினனான். ஒருத்தருக்கும் சனம் கைதட்ட வேணும் எண்டு நான் ஆசைப்பட்டதில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாய் வராது. பிழை இருந்தால் இருக்கட்டும்.

இப்ப வெளிநாட்டிலை, லாச்சப்பலில் மூத்த மகனோடை இருக்கிறன். ரெண்டே அறை. அவன்ரை மகள் கிற்றார் பழகுறாள். கிற்றாரைக் கூடப் பொறுக்கலாம். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைப்பாள், மெட்ரோநோம் எண்டு பெயர். டிக், டிக் எண்டு பல்லி மாதிரிக் கத்தும். அந்த அடிக்கு ஒவ்வொரு கம்பியாய்த் தட்டுவாள். பின்னேரம் முழுக்க அதே நாலு வரி. விரல் பிசகினால் திரும்பவும் முதலிலிருந்து. ஒருநாள் கேட்டுப்போட்டன்.

"என்ன பிள்ளை, செத்தவீட்டுக்கே அடிக்கிறாய்? கெதியாய் அடியன்."

"மெதுவாய்ப் பிழையில்லாமல் வந்தால்தான் பெட்டியின்ரை வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அப்பம்மா. பிழைச்சால் குறைக்கவேணும். அவசரமெண்டால் நீங்கள் கடைக்குப் போட்டு வாங்கோ."

வாய்க்காரி.

நிமிசத்துக்கு அறுபது அடியில் தொடங்கினவள், கொஞ்சம் கொஞ்சமாய்த் திருகி எண்பதுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்துப் பொபினியில் என்ரை மகளின்ரை பெட்டை பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வந்தது. பெட்டையைப் பல்லக்கில் கொண்டுவரேக்கை தன்ரை பிள்ளை கிற்றார் அடிப்பாள் எண்டு மகன் லண்டன் சனம் வரைக்கும் சொல்லிப்போட்டான். வீடியோக்காரன், "பாட்டு ஓட்டமாய் இருக்கவேணும் அண்ணை" எண்டானாம். உடனே மகன் வந்து பெட்டியை ஒரேயடியாய் நூற்றிருபதுக்குத் திருகினான்.

"ஏலாதப்பா."

"ஏலும். நீ என்ரை பிள்ளை."

மண்டபத்தில் அவள் தன்ரை வேகத்தில்தான் தொடங்கினாள். நல்லாய்த்தான் இருந்தது. இவன் மேடைக்குக் கீழே நிண்டு, "கெதி, கெதி" எண்டு கையைச் சுழற்றுறான். பிள்ளை ஓடினாள். விரல் சிக்கி நிண்டுபோனாள். பல்லக்கும் வாசலில் நிண்டது. வீடியோக்காரன் சினிமாப் பாட்டைப் போட்டான்.

"இதை முதலே போட்டிருக்கலாமே" எண்டு ஆரோ றோல்ஸைக் கடிச்சுக்கொண்டு சிரிச்சினம்.

அதுக்கு என்ரை மகன் சொன்ன மறுமொழியை நினைச்சால் இப்பவும் சீ எண்டு வருகுது. "அம்மா வீட்டிலை அடிக்க விடுறேல்லை. சத்தமாம்." பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, என்ரை முகத்துக்கு முன்னாலை சொன்னான்.

ஓம், அந்தச் சத்தம் எனக்குப் பிடியாது. இனியும் பிடியாது. ஆனால் நிப்பாட்டு எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அண்டைக்குப் பிறகு பிள்ளை கிற்றாரை அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாள். கேட்டால், "எனக்கு வராது, அப்பம்மா" எண்டுறாள். பொய். எண்பதில் வந்தது. அத்தினை பின்னேரமும் பல்லைக் கடிச்சுக்கொண்டு கேட்டிருந்தவள் நான், எனக்குத் தெரியாதே?

இண்டைக்கு அதை நானே இழுத்தெடுத்துத் தூசி தட்டினன். பெட்டியையும் எண்பதுக்குத் திருப்பி வைச்சிருக்கிறன். இனி அவளைத் தவிர ஒருத்தரும் அந்தத் திருகில் கை வைக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினன்.

இஞ்சை வா பிள்ளை, இதை ஒருக்கால் வாசி. உரத்து வாசி. உன்ரை கொப்பன் குசினி அடுப்படியிலைதான் நிக்கிறான்.