காற்றுக்கு விழுந்த வாழையும் ஒரு செய்தியோடையும்

என் அண்ணன் நீர்வேலியில் வாழை செய்கிறார். குலை விற்பதைவிட, மரத்தடியில் முளைக்கும் வாழைக்குட்டி விற்பதில் அவருக்கு விருப்பம் அதிகம். கதலி, இதரை, கப்பல் என்று எந்த இனத்துக் குட்டி கேட்டு வந்தாலும் தோண்டிக் கொடுப்பார். அதை எப்படி நடுவது என்று நீண்ட நேரம் கதைத்துத்தான் ஆளை அனுப்புவார். அந்தக் கதையெல்லாம் வந்தவரோடு போய்விடுகிறதே என்று நினைத்து அவருக்கு ஓர் இணையத்தளம் தொடங்கினேன். பகலில் எனக்கு நகரத்தில் அலுவலக வேலை. பின்னேரங்களில் அவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டே சொல்வார். நான் வரம்பில் இருந்து தொலைபேசியில் தட்டுவேன்.

பல மாதமாகத் தளத்துக்கு ஒருவரும் வரவில்லை. தேடுபொறியில் தளத்தின் பெயரை முழுதாக எழுதினால் மட்டும் எங்கள் பக்கம் வந்தது.

"பேர் தெரிஞ்சவைக்கு என்னையும் தெரியும். தெரியாதவை எப்பிடி வாறது?" என்று அண்ணன் கேட்டார்.

அதற்கு வழி தேடும்போதுதான் செய்தியோடையைப் பற்றி அறிந்தேன். தளத்தில் புதிதாக ஏதாவது போட்டவுடன், அதன் தலைப்பையும் எழுத்தையும் பிற தளங்களும் தேடுபொறிகளும் தாமாகவே வாசித்து எடுக்கும்படி அது வெளியே விடும். ஒன்றை அமைத்து, அதன் முகவரியைத் தேடுபொறிக்கும் கொடுத்தேன். முன்பு வாரக்கணக்காகக் காத்திருந்த பக்கங்கள் மறுநாளே தேடலில் தெரிந்தன. ஆனால் எங்கோ அடியில்.

மாரியில் ஒரு பெருங்காற்று வந்தது. அண்ணனின் தோட்டத்திலும் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது. மறுநாள் காலை விழுந்த மரங்களுக்கு நடுவே நின்றபோது பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "காத்துக்கு வாழை விழுந்திட்டுது, இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார். அண்ணன் அவருக்குச் சொன்ன பதிலை அப்படியே எழுதினேன். முறிந்த தாயை அடியோடு வெட்டு, நல்ல குட்டி ஒன்றை விடு, தேங்கிய தண்ணீரை வடியவிடு, குட்டியின் அடிக்கு மண் அணை. அயலவரின் கேள்வியையே தலைப்பாக வைத்தேன்.

சில நாள் கழித்து அதே கேள்வியைத் தேடிப் பார்த்தேன். முதலாவதாக வந்தது எங்கள் எழுத்துத்தான், ஆனால் வேறொரு தளத்தில். வெளிநாட்டில் இருந்து ஒருவர் நடத்தும் தளம். முழுக் கட்டுரையும் இருந்தது, அண்ணனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் பக்கம் அதற்கு வெகு கீழே கிடந்தது.  இது களவு என்று உடனே அவருக்கு எழுதிப் போட்டேன். அடுத்த நாள் அவர் தொலைபேசியில் வந்தார்.

"தங்கச்சி, நான் களவெடுக்கேல்லை. உங்கடை ஓடையிலை முழுசாய் வருது, என்ரை தளம் தானாய் எடுத்துப் போடுது. வேண்டாமெண்டால் இப்பவே எடுத்துவிடுறன்."

எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நான் வாய் திறக்க, பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் தொலைபேசியை வாங்கினார்.

"எடுக்கவேண்டாம். விழுந்த வாழையோடை நிக்கிறவைக்கு அது ஆரின்ரை தளமெண்டால் என்ன? எங்கடை இணைப்பை மட்டும் மேலை போட்டுவிடுங்கோ."

அவர் அன்றே போட்டார். அண்ணன் விட்டுக்கொடுத்தது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையை அங்கேயே விட்டுவிட்டு, இனிமேல் ஓடையில் தலைப்பும் முதல் பந்தியும் மட்டும் போகும்படி மாற்றினேன். மிச்சத்தை வாசிக்க எங்களிடம்தான் வரவேண்டும். அந்த இணைப்பைப் பார்த்து வேறு சில தளங்களும் எங்களைச் சுட்டின. கொஞ்சங் கொஞ்சமாக எங்கள் பக்கம் மேலே ஏறி, ஒருநாள் அவருடைய பக்கத்தையும் தாண்டியது.

அதன்பிறகு கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். தேடலில் எங்களைக் கண்டாராம். தோட்டம் முழுக்கப் போய்விட்டது, நிறையக் குட்டி வேண்டும் என்றார். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி.

"விழுந்ததுகளைக் கிழங்கோடை கிளப்பி எறிஞ்சுபோட்டியளோ?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்லை அண்ணை. நீங்கள் எழுதினமாதிரித் தாயை வெட்டிப்போட்டுக் குட்டியை விட்டிருக்கிறன். எண்டாலும் பயமாய்க் கிடக்கு."

"அப்ப என்னட்டை வாங்காதேங்கோ. உங்கடை குட்டியே போதும்."

அழைப்பு முடிந்ததும், "தளம் தொடங்கினது குட்டி விக்கவெல்லோ?" என்றேன்.

"ஓம். தேவைப்பட்டவைக்கு விப்பம்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினார். வரிசையாக, ஆள் உயரத்துக்கு, அகன்ற இலைகளோடு வாழைகள் நின்றன. அவரிடம் கேட்டுக்கொண்டு படத்தைத் தளத்தில் போட ஆயத்தம் செய்தேன். அது ஓடையில் வெளியே போவதற்கு முன்பே அண்ணனிடம் காட்டினேன். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இதரை," என்றார். "நல்லாய் வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் மண் அணைக்கச் சொல்லு."