பாதியில் நிறுத்திய மராத்திப் படம்

குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் லேபர் கேம்பில் எங்கள் ரூமில் ஆறு பேர். எனக்குக் கீழ்க்கட்டிலில் ஒரு மராத்திக்காரர், வெல்டர். வெள்ளிக்கிழமை டூட்டி இல்லை. சாப்பாடு முடிந்ததும் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து அவர் ஊர்ப் படம் போட்டார். குழந்தைக்காக அலையும் புருஷன் பெண்சாதி கதை. எனக்கு மராத்தி தெரியாது. கேட்டால் இந்தியில் சொல்வார். பல இடத்தில் கேட்கத் தேவையே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு, இரண்டு மாசம். என் மனைவிக்கு ஸ்கேன், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. அவளிடம் குறை இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். "நீங்களும் ஒரு தடவை பாத்துருங்க மாமா" என்று போன லீவில் கேட்டாள். பார்க்கலாம் என்றேன். விமானம் ஏறிவிட்டேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

படத்தில் டாக்டர் ஏதோ கேட்டார். அந்தப் பெண் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"என்ன கேக்குறாங்க பாய்?"

"நீ டெஸ்ட் எடுத்தியான்னு."

எதிர்க்கட்டில் மன்னார்குடிக்காரர் விடவில்லை. "இந்த வெயில்ல இரும்பு தூக்குறவனுக்கு டெஸ்ட் வேறயா? எல்லாம் எப்பவோ ஆவியாப் போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு உட்கார முடியவில்லை. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்ப உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து சட்டையை மாட்டினேன்.

மராத்திக்காரர் படத்தை நிறுத்தினார். "அச்சா, போயிட்டு வந்து மீதியைப் பாரு." எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

கிளினிக்கில் டப்பாவில் பெயர் ஒட்டிக் கொடுத்தார்கள். சாம்பிள் கொடுத்துவிட்டு வந்தேன். ரிசல்ட் நாளைக்கு என்றார்கள். வாசலில் நின்றே மனைவிக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள்.

"அவ எங்கம்மா?"

"கோயிலுக்கு. ஈரச் சேலையோட நூத்தியெட்டு சுத்துன்னு அனுப்பியிருக்கேன்."

"இனிமே அனுப்பாத. இன்னிக்கி நான் டெஸ்ட் குடுத்திருக்கேன். குறை என்கிட்ட இருக்கலாம்."

"மெதுவாப் பேசுடா. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"நான் குவைத்துல பேசுறது அவங்களுக்கு எப்படிம்மா கேக்கும்?"

அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள். சீரியலில் யாரோ அழும் சத்தம் வந்தது.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"நீ சொல்லு. சுத்த அனுப்புனது நீதான."

வைத்துவிட்டாள்.

ரூமுக்குப் போகப் பிடிக்கவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கும் கடை வாசலுக்குமாக நடந்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். அப்போது மனைவி கூப்பிட்டாள்.

"அத்தை சொன்னாங்க. நாளைக்கு எத்தனை மணிக்குக் குடுப்பாங்க?"

"பத்து மணிக்கு. டூட்டிக்கு லீவு சொல்லிட்டுப் போறேன்."

"வேணாம். டூட்டி முடிச்சிட்டு சாயங்காலமாப் போங்க. நான் ஏழு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரு நாள் இருந்து பாருங்க."