சகாதேவனின் பதினான்கு கிலோமீட்டர் சர்க்கரை

திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் சகாதேவன். அந்தக் காலத்தில் பஸ்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பவில்லை, அவர் முகத்தைப் பார்த்துத்தான் கிளம்பின. ஒருநாள் சூரியன் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்து, அவரிடம் காரணம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகவும் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

ஓய்வு பெற்ற ஏழாவது வருஷம், டீக்கடையில் ஒருவர், "கீழ்பென்னாத்தூருக்கு அடுத்த வண்டி எப்பங்க?" என்று கேட்டார். சகாதேவன் வாயைத் திறந்தார். நேரம் வரவில்லை. திறந்த வாயை வீணாக்காமல் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் அப்பாதுரை, கடைசி நான்கு வருஷம் தன் சொந்த வீட்டு வாசலில் நின்று, "இது யார் வீடுங்க, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

விஷயம் பெங்களூருக்குப் போனது. அங்கே பதினோராவது மாடியில் மகள் எழிலரசி இருக்கிறாள்.

"பெரியப்பா மாதிரி ஆயிட்டா அம்மா தனியா இன்னா பண்ணுவாங்க? ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க."

"அங்கேருந்து மலை தெரியுமா?"

"எதிர் அபார்ட்மென்ட் தெரியும்பா."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். டாக்டர் சரி என்றால் ஊர். இல்லையென்றால் பதினோராவது மாடி.

டாக்டர் புகழேந்தி மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டார். யானை வந்தது, சாவி வந்தது, மூன்றாவது ஏதோ ஒரு பழம் என்ற அளவில் நின்றது. காது கேட்கிறதா என்று பார்த்தார்; கேட்டது. ரத்த அழுத்தம் அதிகம். சர்க்கரையும் கொஞ்சம் அதிகம்.

"ஒரு பஸ் நேரம் மறந்தா வியாதின்னு அர்த்தம் இல்லீங்க ஐயா," என்றார் டாக்டர். "வரவே வராதுன்னு யாரும் எழுதித் தர முடியாது. ஆனா வர்ற வாய்ப்பைக் குறைக்கலாம். மாத்திரையை விடாதீங்க. புகையிலையை நிறுத்துங்க. கீரை, பயறு சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க, நாலு பேரோட பேசிப் பழகுங்க. தெனம் அரை மணி நேரம் நடங்க. மூணு மாசம் கழிச்சு திரும்பப் பாக்கலாம்."

புகையிலை அன்றைக்கே போனது. வீட்டில் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் வந்தன. மனைவி ரேணுகாம்பாள் கிண்டிய களியின் அளவைப் பார்த்துத் தெரு நாய்களே வேறு தெருவுக்குப் போய்விட்டன.

அரை மணி நேர நடைதான் சிக்கல். சகாதேவனுக்குத் தெரிந்த நடை கிரிவலம் ஒன்றுதான். மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டுப் பாதியில் திரும்புவது சாமிக்கு முதுகைக் காட்டுவது போல. ஆகவே டாக்டர் சொன்ன அரை மணி, பதினான்கு கிலோமீட்டராக, நாலு மணி நேரமாக ஆனது. தினமும் விடியற்காலையில் கிளம்புவார், வெயில் ஏறும்போது வருவார். அவர் கடக்கும் நேரத்தை வைத்துச் செங்கம் ரோட்டில் இரண்டு காபிக் கடைகள் கதவைத் திறந்தன.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் இரண்டு தடவை படித்தார். அழுத்தம் இறங்கியிருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு ஏழிலிருந்து எட்டரைக்கு ஏறியிருந்தது.

"வழியில ஏதாவது சாப்பிடறீங்களா?"

"சாப்பாடெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பிரசாதம்தான்."

"இன்னா பிரசாதம்?"

சகாதேவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஸ் நிலைய ஒலிபெருக்கியின் குரல் வந்தது.

"இந்திர லிங்கத்துக்கிட்ட சக்கரைப் பொங்கல், திங்களும் வெள்ளியும். அக்னி லிங்கம் தாண்டி ரெண்டு வடை, ஒரு டீ. நிருதி லிங்கத்துல சுண்டல், வியாழக்கிழமை தேங்கா கம்மி. அடி அண்ணாமலையில ரவா கேசரி, ராஜமாணிக்கம் போடறது, தெனமும் உண்டு, நெய் ஜாஸ்தி. குபேர லிங்கத்துல லட்டு, செவ்வாய் மட்டும் பூந்தி. ஈசானிய லிங்கத்துல மோர். மோர்ல சக்கரை இல்லீங்க."

பக்கத்து நாற்காலியில் ரேணுகாம்பாளும் இருந்தார். இப்போது கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"நான் ஊட்ல களி கிண்டிக் கிண்டித் தோள்பட்டை எறங்கிப் போச்சு டாக்டர். இவரு மலையச் சுத்தி விருந்து சாப்பிட்டுட்டு வந்து, எனக்குப் பசியில்லைன்னு களியையும் தள்ளி வெச்சாரு. பக்தியில வயிறு நெறஞ்சுடுச்சுன்னு நெனச்சேன்."

"நீட்டினத வேணாம்னு எப்பிடிடீ சொல்றது? அன்னதானம்."

டாக்டர் மூன்று சொற்களை மறுபடி சோதித்தார். மூன்றும் வந்தன. "ஞாபகத்துல எனக்கு ஒரு குறையும் தெரியலீங்க ஐயா. ஆனா இந்த சக்கரை இப்படியே இருந்தா ரத்தக் குழாயைக் கெடுக்கும். மூளைக்குப் போறதும் அதே ரத்தம்தான். இன்னும் மூணு மாசம்."

பெங்களூரில் எழிலரசி, அப்பா அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கினாள்.

சகாதேவன் யோசித்தார். மறுநாளிலிருந்து இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பியபடி நடந்தார். கை காலியாக இல்லையென்றால் யாரும் தொன்னையை வைக்க முடியாது. திட்டம் நான்கு நாள் வேலை செய்தது. அதற்குள் ஆசிரமப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் ஆறேழு பேர் அவர் பின்னால் அதே மாதிரி கையைக் கூப்பிக்கொண்டு நடந்தார்கள். அவர் மூக்கைச் சொறியக் கையை இறக்கினால் அவர்களும் இறக்கினார்கள். ஐந்தாம் நாள், அடி அண்ணாமலையில் ராஜமாணிக்கம் கேசரியோடு நடுவழியில் நின்றார்.

"கைய எறக்க வேணாம் சாமி. வாயத் தொறங்க."

ஊட்டியும் விட்டார். பின்னால் வந்த ஆறேழு வாயும் திறந்தன.

கேசரியை முழுங்கிவிட்டுச் சகாதேவன் ராஜமாணிக்கத்தின் அன்னதானப் பந்தலையே பார்த்தார். வரிசை தாறுமாறாகக் கிடந்தது. அண்டா பக்கம் ஒரு கூட்டம், இலைத் தொன்னை பக்கம் இன்னொரு கூட்டம். இருபத்தெட்டு வருஷப் பழக்கம் கையைத் தானாக இறக்கியது.

"ராஜமாணிக்கம், பரிமாறுறவன் எப்ப சாப்பிடுவான்?"

"எல்லாரும் சாப்பிட்டப்புறம்தாங்க. அதுதானே மொற."

"மிச்சம் இருக்குமா?"

"கூட்டத்தப் பொறுத்து."

அன்றிலிருந்து சகாதேவன் கரண்டியைப் பிடித்தார். கிரிவலம் வாரத்துக்கு ஒருநாள் ஆனது, காலியான பெரிய தூக்குச்சட்டி ஒன்றைக் கையில் பிடித்தபடி. அதில் வாங்கிக்கொண்டு வழியில் உள்ள சாதுக்களிடம் கொடுத்துவிடுவார். மற்ற நாள்களில் அடி அண்ணாமலைப் பந்தலுக்கு நடை, வரும்போது பஸ். வரிசையை அவர் நடத்திய வேகத்தில் ஒருநாளும் பரிமாறுபவருக்கென்று அண்டாவின் அடியில் ஒரு துளிகூட மிஞ்சவில்லை. கெஞ்சி இரண்டாம் முறை வந்தவர்களையும், "நீங்க ஆறு பத்துக்கு ஏற்கெனவே சாப்பிட்டீங்க," என்று முகம் பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டு, புதிதாக வந்தவர்களுக்குப் பரிமாறினார். வீட்டுக்கு வரும்போது நல்ல பசி. களியை இரண்டாம் உருண்டை கேட்டார். ரேணுகாம்பாள் அதை நம்ப ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் தடவை சர்க்கரை ஆறரை. எழிலரசி நேரில் வந்து தாளைத் தானே படித்தாள்.

"இப்ப போதும்பா. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும்."

"பாக்கலாம். அந்தத் திரைச்சீலைய அனுப்பிடு, இங்க கெழக்கு ஜன்னல்ல வெயில் அடிக்குது."

மறுநாள் அவளை பஸ் ஏற்ற வந்தார். போனில் நேரம் பார்க்கப் போனவளைக் கையமர்த்தி, "ரெண்டு பத்துக்கு. இடது பக்கம் ஒக்காராத, கிருஷ்ணகிரி வரைக்கும் வெயிலு," என்றார்.

பஸ் இரண்டு பதின்மூன்றுக்கு வந்தது. சகாதேவன் டிரைவரிடம் போய்த் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். டிரைவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, யார் இந்தப் பெரியவர் என்று கண்டக்டரிடம் விசாரித்தார்.