பி.டி. மாஸ்டர் மனைவியின் மணிக்கட்டு

என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் பிள்ளைப்பாக்கத்தில் குறைவு. எங்கள் கல்யாண போட்டோவில்கூட மாலைக்கு நடுவே ஒரு கறுப்புக் கயிறு எட்டிப் பார்க்கும். பையன்களை வரிசையில் நிற்கவைக்க அவர் போடும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். அதை ஓங்குவார், பிறகு தன் பேண்ட் மேலேயே பட்டென்று அடித்துக்கொள்வார். ஆனாலும் ஊருக்கு அவர்மேல் இருந்த பயம் நிஜமான பயம்தான். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் என் கை மரத்துப்போன கதை புரியாது.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். கம்பெனிகள் இப்போது மாதிரி வரிசைகட்டி வந்திருக்கவில்லை. ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு கம்பெனி. அங்கே கரண்ட் சுவிட்ச் பூட்டுகிற லைனில் எனக்கு வேலை. இடது கையில் சுவிட்ச், வலது கையில் ஸ்குரு டிரைவர். இரண்டு ஸ்குரு முடுக்கி அடுத்தவளிடம் தள்ளவேண்டும். ஷிப்ட் முடிகிறவரை அதேதான். ஓ.டி. இருந்தால் அதற்கு மேலும் அதேதான்.

வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் தூக்கத்தில் மட்டும் வந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எழுந்து கையை உதறினால் போய்விடும். கொஞ்ச நாளில் உதறினாலும் போகவில்லை. டீ டம்ளர் நழுவியது. புடவைக்கு ஊக்கு குத்தும்போது, ஊக்கு கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சுண்டு விரல் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது மாதிரி நன்றாக இருந்தது.

"எக்சர்சைஸ் இல்லாத ஒடம்பு. அதான் ரத்தம் ஓடல" என்றார் என் வீட்டுக்காரர். விடிந்ததும் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தண்டால் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அன்றைக்குக் குழம்புக் கரண்டியையே பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டார்.

செங்கல்பட்டு போகிற வழியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் என் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதற்குள்ளே போகிற நரம்பு வீக்கத்தில் அமுங்குகிறது என்றார். "இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம். மொதல்ல பிசியோதெரபி பண்ணிப் பாப்போம்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "பிசியோதெரபியா? அது நம்ம டிபார்ட்மெண்டுதான்" என்றார்.

அந்த டிபார்ட்மெண்டில் இருந்தது கல்லூரி முடித்துப் புதிதாக வந்த ஒரு சின்னப் பெண். ஒல்லியாக இருந்தாள். பேசினால் பக்கத்தில் குனிந்து கேட்கவேண்டும். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து விரல்களைக் கீழே தொங்கவிடச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மூன்று விரல்களும் மரத்துவிட்டன. "கரெக்ட்!" என்று சந்தோஷப்பட்டாள், நான் ஏதோ பரீட்சையில் பாஸ் ஆனமாதிரி.

பிறகு உருக்கிய மெழுகு இருந்த தொட்டியில் என் கையை முக்கி முக்கி எடுத்தாள். வெள்ளைக் கையுறை போட்டமாதிரி ஆனது. அதன்மேல் துண்டைச் சுற்றி உட்காரவைத்தாள். அந்தச் சூடு எலும்புவரைக்கும் இறங்கியது. வீடு, கம்பெனி எல்லாம் மறந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"எக்சர்சைஸ் எப்போ மேடம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

மெழுகை உரித்துவிட்டு அவள் காட்டினாள். விரல்களை நேராக நீட்டவேண்டும், கொக்கி மாதிரி மடக்கவேண்டும், மெல்ல மூடவேண்டும். பிறகு கட்டைவிரலை விரித்து, மணிக்கட்டைக் கொஞ்சமாகப் பின்னால் சாய்க்கவேண்டும்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சார். ஒரு அஞ்சு தடவை. மெதுவா. வலிச்சா நிறுத்திடணும்."

"வலிச்சாத்தானே மேடம் ஒடம்பு ஏறும்?"

"இது நரம்பு சார். கபடி டீம் இல்ல" என்றாள், அதே மெல்லிய குரலில்.

அங்கே தலையை ஆட்டிவைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் விசிலை எடுத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவர் ஊதுவார், நான் விரலை மடக்குவேன். அஞ்சு என்பது ஐம்பதாயிற்று. "அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்?" என்றார். அடுத்தமுறை போனபோது என் கை வீங்கிக் கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தார்.

"சார் இனிமே வெளிய உக்காரலாம்" என்றாள். ஆனால் அவர் எழுந்து போவதற்குள் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள். "அக்கா கொஞ்ச நாளைக்குத் துணி பிழியக் கூடாது. மாவாட்டக் கூடாது. தேங்கா துருவக் கூடாது. தண்ணி பைப்பு அடிக்கக் கூடாது."

"அப்போ யாரு மேடம் செய்யறது?"

அவள் அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். "சாருக்கு ஒடம்பு நல்லா ஏறித்தானே இருக்கு?"

அன்றைக்கு என் கைக்கு ஒரு பட்டையும் கட்டிவிட்டாள். அலுமினியத் தகட்டைப் பஞ்சு வைத்து வளைத்து, உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் பேண்டேஜ் சுற்றியிருந்தாள். மணிக்கட்டு மடங்காமல் இருக்கவேண்டும். தூங்கும்போது கட்டாயம், மற்ற நேரத்தில் முடிந்தமட்டும்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் கம்பெனி வேனில் ஏறியதும் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டாள். "எங்க வுயுந்த?"

"வுயல."

"அப்புறம் எப்பிடி கை ஒடஞ்சிச்சி?"

"ஒடையல. நரம்பு அமுங்கிகினு கீது."

வேனில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "வுடு. சொல்ல வாணாம். எங்களுக்குப் புரியுது" என்றாள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் தெருவில் இறங்கினபோது, பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து இரண்டு பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அவர் கையில் பிரம்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாஸ்டர் தன் பெண்டாட்டி கையை முறித்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

சிரித்துவிட்டேன். அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நானா? உன்னையா? ஒரு நாள் ஓங்கினதுகூடக் கெடையாதே!" என்று விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தலைமையாசிரியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பம் என்றால் பொறுமை வேண்டும் என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறார். இவர் நரம்பு, நரம்பு என்று சொல்லச் சொல்ல, "ஆமா, நரம்புத் தளர்ச்சி இருந்தாக் கோவம் அதிகமா வரும்" என்று அவர் தலையாட்டினாராம்.

போதாக்குறைக்கு அந்த வாரம் என் வீட்டுக்காரர் துணி பிழிய ஆரம்பித்தார். தெருமுனை அடிபம்பில், என் புடவையை முறுக்கி, தோளில் போட்டு, அவர் வருவதைப் பார்த்த ஊர் இன்னும் உறுதியாகிவிட்டது. "செஞ்ச தப்புக்கு இப்போ அனுபவிக்கிறாரு" என்றார்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தச் சத்தத்தில் ஆட்டுகிறவர் யாரென்று தெரியாதா? குழவியைக்கூட அவர் தாளம் தப்பாமல் டிரில் மாதிரிதான் சுற்றுவார்.

சேதி சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருந்த என் அண்ணன்வரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிநேகிதர்களோடு வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் அப்போது வாசலில் என் பாவாடையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, துணியக் கீழ வெய்யி" என்றார் அண்ணன்.

"மச்சான், ஈரம் மண்ணுல பட்டுரும்."

"வெய்யின்னேன்!"

நான் ஓடிவந்தேன். "அண்ணா, அவரு ஒண்ணும் பண்ல. நரம்பு."

"அவனுக்குப் பயந்து சொல்லாத."

அண்ணனை நம்பவைக்க வேறு வழியில்லை. அடுத்த ஆஸ்பத்திரி நாளில் அவரையும் கூட்டிப்போனோம். அந்தப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். புறங்கைகளை ஒட்டவைத்துக் காட்டினாள். அண்ணன் தன் கையையும் நீட்டி, "எனக்குக்கூட இந்தக் கை முட்டி புடிச்சிக்கினு கீது, பாரும்மா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே அவர் கையையும் மெழுகில் முக்கினாள். அவ்வளவுதான். துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அண்ணன் தூங்கிவிட்டார். எழுப்பியபோது, "மாப்ள, அடுத்த தபா எப்போ வர்றீங்க?" என்றார்.

அண்ணன் நம்பினார். ஊர் நம்பவில்லை. "மச்சானையும் சரிக்கட்டிட்டாரு" என்றார்கள்.

இத்தனை நாளும் இது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு நாள் பம்பில் எதிர்வீட்டு அக்கா என் பட்டையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள். "உனுக்கோசரம் அண்ணன் வந்தான், ஹெட்மாஸ்டர் கேட்டாரு. என் கை நெஜமாவே ஒடஞ்சப்ப, மாவுக்கட்டோட ரெண்டு மாசம் இதே பம்புக்குத்தான் வந்தேன். ஒருத்தரும் எங்க வுயுந்தன்னுகூடக் கேக்கல." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதை வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அன்றைக்குப் பிறகு ஊரோடு வாதாடுவதையும் விட்டுவிட்டார்.

கை மெல்ல மெல்லத் தேறியது. முதலில் ராத்திரியில் தூக்கம் கலைவது நின்றது. பிறகு பகலில் மரப்பது குறைந்தது. கம்பெனியில் சூப்பர்வைசரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, கொஞ்ச நாள் செக்கிங் டேபிளுக்கு மாறிக்கொண்டேன். திரும்ப லைனுக்கு வந்தபோது, நடுநடுவே ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நீட்டி மடக்குவேன். பக்கத்திலிருந்த பெண்களும் செய்ய ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு விரல் மரத்துத்தான் இருந்திருக்கிறது, சொல்லத்தான் இல்லை. ஆபரேஷன் தேவைப்படவில்லை. கடைசி நாளில் அந்தப் பெண் என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவர் கையைத் திருப்பிப் பார்த்து, "சார், துணி பிழியறப்போ மணிக்கட்டை ரொம்ப முறுக்காதீங்க" என்றாள். "சரிங்க மேடம்" என்றார், ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி.

பட்டையைக் கழற்றியும் ஊர் கதையைக் கழற்றவில்லை. பெண்டாட்டியை அடித்து, பிறகு திருந்தியவர் என்பது அவருக்குப் பட்டமாகவே ஆகிவிட்டது. பல வருஷம் கழித்து வடக்குப்பட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவன் மாமியார்தான் இவரிடம் அனுப்பியிருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு, "சார், நீங்க எப்பிடி சார் நிறுத்துனீங்க?" என்று கேட்டான்.

நான் உள்ளேயிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் நரம்பு, நரம்பு என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். "மொதல்ல வூட்டு வேலையக் கத்துக்க. மாவாட்டு. துணி பிழி. கோவம் வந்தா பம்புக்குப் போய் ரெண்டு கொடம் அடி. நான் அப்பிடித்தான் நிறுத்துனேன்" என்று நெடுநேரம் பேசினார். அவன் போனபிறகு கேட்டேன்.

"இன்னாங்க, செய்யாததப் போய் ஒத்துக்கினீங்களே?"

"நரம்புன்னு சொல்லியிருந்தா அவன் எழுந்து போயிருப்பான்" என்றார். சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனார்.